புரட்டிப் போட்ட டயர்

எங்கள் ஊரில் டயருக்குப் பூ உண்டு. டயரின் மேல்பரப்பில் வரிவரியாக ஓடும் பள்ளங்களை மலாய்க்காரர்கள் 'பூங்ஙா' என்பார்கள். பூ என்று அர்த்தம். நாங்கள் அதை அப்படியே தமிழாக்கி வைத்துக்கொண்டோம். பழைய கார் வாங்கப் போனால் குனிந்து பார்த்துவிட்டு "பூ இருக்கு" என்போம். தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டால் மொட்டை. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரிடம் ஒருமுறை "உங்க கார்ல பூவே இல்லையே" என்று சொல்லிவிட்டேன். சாமி படத்துக்குப் பூ வைக்காததைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து அவர் மன்னிப்புக் கேட்டார். வெகுநாள் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

நான் பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். மனைவி தமிழ்ப்பள்ளியில் கணக்கு ஆசிரியை. மகளுக்கு அப்போது பத்து வயது. ஒரே ஒரு கார், பழசு, சின்னது. ஆனால் எனக்குள் ஒரு பந்தய ஓட்டுநர் குடியிருந்தான், என்ன செய்ய. பணம் கட்டினால் நம் சொந்தக் காரையே பந்தயத் தடத்தில் ஓட்டலாம் என்று சில நாட்கள் ஒதுக்கியிருப்பார்கள். 'ட்ராக் டே' என்று பெயர். யாரும் யாரோடும் போட்டி போட வேண்டியதில்லை, அவரவர் வேகத்தில் சுற்றிவிட்டு வரலாம். முதல் தடவை போனபோது மனைவியையும் கூட்டிப்போனேன். அவள் தடுப்புச் சுவருக்குப் பின்னால் நின்று, நான் முடித்து வரும்வரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "இனிமே வேணாங்க" என்றாள். சரி என்றேன்.

இரண்டு வருடம் சும்மா இருந்தேன். பிறகு காரின் நான்கு டயரும் ஒன்றாகத் தேய்ந்தன. எப்படியும் புதுசு வாங்க வேண்டும், புதுசு வாங்கினால் ஒருநாள் தடத்தில் ஓட்டிப் பார்த்தால் என்ன என்று மனம் கணக்குப் போட்டது. நல்ல டயரைத் தடத்தில் தேய்ப்பானேன் என்று அதே மனம் இன்னொரு கணக்கும் போட்டது. ஆக, இருப்பதிலேயே மலிவான டயராகப் பார்த்தேன்.

நான் வழக்கமாகப் போகும் டயர்க்கடை ஜொகூர் பாருவில் ஒரு பாய் நடத்துவது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். டயரை விரலால் தட்டிப் பார்த்தே பேசுவார். மலிவுச் சரக்கில் ஒன்றைக் காட்டச் சொன்னேன். அதன் பூ ஆழமாக இருந்தது. சுண்டுவிரலை விட்டால் உள்ளே போனது.

"பூ எவ்வளவு இருக்கு பாருங்க பாய். இது போதாதா?"

"மார்க்கெட்டுக்கு போலாம், கோயிலுக்கு போலாம். சர்க்கிட்டுக்குன்னா இது ஆகாது லா," என்றார் பாய். பந்தயத் தடத்தைச் சொல்கிறார், நான் முன்பு போய்வந்தது அவருக்குத் தெரியும். "பூ ஒசரமா இருந்தா அங்க அதுவே கெடுதி. சூடு ஏறுனா பள்ளத்துக்கு நடுவுல இருக்கற ஒவ்வொரு ரப்பர் கட்டியும் ஆடும். அப்புறம் பிச்சிக்கிட்டு போகும்."

பாய் விலை கூடியதை விற்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். முப்பது வருடமாக டயரோடு வாழ்கிற மனிதரை, எனக்குப் பூவைப் பார்க்கத் தெரியும் என்ற ஒரே காரணத்தால் சந்தேகப்பட்டேன். "சர்க்கிட்டுக்கு யாரு போறா" என்று சிரித்துவிட்டு அதையே மாட்டச் சொன்னேன்.

பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ட்ராக் டே வந்தது. மனைவியிடம் ஓ.டி. இருக்கிறது என்றேன். எங்கள் ஆலையில் ஞாயிறு ஓ.டி. சகஜம், அன்று ஆலை பஸ் கிடையாது என்பதால் காரில்தான் போவேன். அவள் டப்பாவில் சோறுகூடக் கட்டிக் கொடுத்தாள்.

முதல் மூன்று சுற்று சொர்க்கம். நான்காவது சுற்றில் ஸ்டீரிங் கனம் இல்லாமல் போனது. திருப்பினால் கார் சற்று யோசித்துவிட்டுத் திரும்பியது. அப்போதே வெளியே வந்திருக்க வேண்டும். இன்னும் ஒரே ஒரு சுற்று என்றேன், எனக்கு நானே. ஐந்தாவது சுற்றில், சரிவில் இறங்கி வலப்புறம் வளையும் இடத்தில், காரின் முன்பக்கம் திரும்பவே இல்லை. ஸ்டீரிங்கை ஒடித்துப் பிடித்திருக்கிறேன், டயர் ஊளையிடுகிறது, கார் மட்டும் நேராகச் சுவரைப் பார்த்துப் போகிறது. எனக்கு வாழ்க்கை ஒன்றும் கண்முன்னால் ஓடவில்லை. பின்சீட்டில் இருந்த சோற்று டப்பா பறந்து முன்கண்ணாடியில் மோதியதைத்தான் பார்த்தேன். கார் புல்லில் இறங்கி, இரண்டு தடவை சுழன்று, சுவருக்குக் கொஞ்ச தூரத்தில் நின்றது. தடத்தோரம் கொடி காட்டும் ஊழியர் ஓடிவந்து கதவைத் திறந்தபோது என் கால் இன்னும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது, எடுக்க முடியவில்லை. அவர்தான் மெதுவாக எடுத்துவிட்டார்.

முன்பக்க இடது டயரின் வெளி ஓரம் நாய் கடித்த மாதிரி இருந்தது. பூவின் கட்டிகள் அங்கங்கே பிய்ந்து போயிருந்தன. தடம் வலமாகச் சுற்றுவதால் பாரமெல்லாம் அந்த ஒரு டயரின் ஓரத்தில்தான் விழும். ஒரு இடத்தில் உள்ளே இருக்கும் நூல்கூடத் தெரிந்தது.

பாய் கடைக்கு ஊர்ந்து போனேன். வழியெல்லாம் ஸ்டீரிங் நடுங்கியது. பாய் குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார். என் காரின் அளவில் டயர் கையிருப்பு இல்லை, செவ்வாய்க்கிழமைதான் வரும் என்றார்.

"ஸ்பேர போட்டுடறேன்."

"வேணாம் பாய். ஸ்பேர் சின்னதா இருக்கும், வீட்டுல உடனே கேப்பாங்க."

நான் என்ன வழி சொன்னேன் என்பதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்த டயரைச் சக்கரத்திலிருந்து கழற்றி, புரட்டி, மறுபடி மாட்டச் சொன்னேன். புரட்டினால் வெளி ஓரம் உள்ளே போகும், உள் ஓரம் வெளியே வரும். உள் ஓரத்தில் பூ புத்தம்புதிதாக இருந்தது. தடத்தில் ஓட்டுகிறவர்கள் சமமாகத் தேயட்டும் என்பதற்காகச் செய்கிற வேலைதான் அது. நான் மறைப்பதற்காகச் செய்தேன்.

பாய்க்கு மனமே இல்லை. "வீட்டுக்கு போற வரைக்கும்தான். அப்புறம் காரத் தொடாதீங்க. உள்ள இருக்கற கம்பி பெல்ட்டு விட்டுப்போயிருந்தா வேகத்துல மேல்தோலு அப்படியே உரிஞ்சிடும். செவ்வாக்கிழமை காலைல நானே வந்து மாட்டிக் கொடுக்கறேன்."

இரண்டே நாள். மனைவிக்கு விடுமுறை, வெளியே போகும் வேலை இல்லை. நான் ஆலை பஸ்ஸில் போகிறவன். கார் வாசலில் நிற்கப்போகிறது, அவ்வளவுதானே. சேறும் புல்லும் போகக் காரைக் கழுவி நிறுத்தினேன். மகள் வந்து குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்தாள். சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலை ஏழு மணி ஷிப்ட். எங்கள் ஆலைக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது. வாயு இருக்கும் இடம், ஒரு பொறி போதும். வாசலில் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போவோம். பத்து மணித் தேநீருக்கு வெளியே வந்து பெட்டியைத் திறந்தேன். மனைவியிடமிருந்து ஒரு செய்தி, ஒன்பது மணிக்கு வந்தது.

"அக்கா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா. நானும் பாப்பாவும் பாலோ போறோம். டயர் எல்லாம் பாத்துட்டேன். பூ நல்லா இருக்கு."

காரை எடுக்கும் முன் டயரைச் சுற்றிவந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். ஒருமுறை அவள் ஆணி ஏறிய டயரோடு பள்ளிக்கூடம் வரை போனதற்காக ஒரு வாரம் வகுப்பு எடுத்தேன். அன்றிலிருந்து ஒருநாளும் தவறாமல் பார்ப்பாள். அன்றைக்கும் பார்த்திருக்கிறாள். நான் எதைக் காட்டி வைத்தேனோ அதைத்தான் பார்த்திருக்கிறாள்.

பாலோ குளுவாங் மாவட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர். வடக்கு நெடுஞ்சாலையில் ஏறி யோங் பெங்கில் இறங்கிப் போக வேண்டும். நெடுஞ்சாலையில் எல்லோரும் நூற்றுப்பத்தில் போவார்கள். ஒன்பது மணிக்குக் கிளம்பியவள் இந்நேரம் அதன் மேல்தான் இருக்கிறாள்.

கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. ஓட்டும்போது யார் கூப்பிட்டாலும் எடுக்காதே, நானே கூப்பிட்டாலும் எடுக்காதே என்று சொன்னவனும் நான்தான். ஒன்பது தடவை கூப்பிட்டேன். செய்தி அனுப்பினேன், "நிறுத்து, உடனே நிறுத்து" என்று. அதைப் படிக்க அவள் கண்ணைச் சாலையிலிருந்து எடுத்தால் என்ன ஆகும் என்ற பயம் அனுப்பிய பிறகுதான் வந்தது.

பாலோவுக்குக் கூப்பிட்டேன். அவளுடைய அக்கா கணவர் எடுத்தார். இன்னும் வரவில்லை என்றார். "ஏன் மாப்ள, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். டயரில் கோளாறு, வந்ததும் கூப்பிடச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். உண்மையைச் சொல்ல அப்போதும் வாய் வரவில்லை, பாருங்கள்.

கூட வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில் திணித்தார். "சூப்பர்வைசர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ போ," என்றார். பிறகு வாசல்வரை ஓடிவந்து, "மெதுவா போ," என்றார்.

மெதுவாகப் போகவில்லை. அந்தச் சின்ன வண்டி எவ்வளவு ஓடுமோ அவ்வளவும் முறுக்கினேன். நெடுஞ்சாலை ஓரத்தில் கறுப்புக் கறுப்பாக டயர்த் துண்டுகள் கிடக்கும். லாரி டயர்களின் மேல்தோல் உரிந்து விழுவது. வாழ்நாள் முழுக்க அவற்றைத் தாண்டித்தான் போயிருக்கிறேன், ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்று ஒவ்வொரு துண்டும் என்னுடையதாக இருக்குமோ என்று பார்த்தேன். செடனாக் தாண்டி ஒரு துண்டு வளைந்து கிடந்தது. வண்டியை நிறுத்திவிட்டு ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தேன். அகலம் என் இரண்டு சாணுக்கு மேல் இருந்தது. லாரியினுடையது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுவதற்கு நேரமில்லை என்று எழுந்து மறுபடி பாலோவுக்குக் கூப்பிட்டேன்.

"இல்ல மாப்ள, வரல. நான் வேன எடுத்துக்கிட்டு இந்தப் பக்கமிருந்து வரவா?"

"வாங்க," என்றேன். அப்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. எப்படி ஓட்டினாலும் அவள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நேரம்.

அதன் பிறகு வழியில் என்ன யோசித்தேன் என்று முழுதாகச் சொல்ல எனக்கு இன்றும் தெம்பு இல்லை. வண்டியின் இரைச்சலுக்குள் கத்தி வேண்டினேன். எந்தச் சாமியென்று பெயர்கூடச் சொல்லவில்லை. எதிர்ச் சாலையில் ஆம்புலன்ஸ் ஒன்று தெற்கே போனது. அதைப் பின்தொடர வேண்டுமா, இல்லை நேரே போக வேண்டுமா என்று ஒரு கணம் கை தடுமாறி வண்டியே சாய்ந்தது. அதற்குள் இவர்கள் இருக்கிறார்கள் என்று என் மனம் முடிவே செய்துவிட்டது. ஆனாலும் நேரே போனேன்.

சிம்பாங் ரெங்கம் தாண்டியதும் தூரத்தில், சாலையோரத்து அவசரத் தடத்தில் ஒரு கார் சாய்ந்து நிற்பதைப் பார்த்தேன். எங்கள் கார். முன் இடதுபக்கம் தரையோடு படிந்திருந்தது. கிட்டே போனால் உள்ளே யாரும் இல்லை. கதவு பூட்டியிருந்தது. கண்ணாடி வழியே முன்சீட்டில் அவள் கைப்பேசி கிடப்பது தெரிந்தது. என் அழைப்புகள் அதில் வரிசையாக நின்றன. நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

"இங்க இருக்கோம்."

இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம், சரிவில், செம்பனை நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் உள்ளே உட்காராதே, தடுப்பைத் தாண்டிப் போய் உட்கார் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகவே செய்திருந்தாள். நான் தடுப்பைத் தாண்டும்போது கால் தடுக்கி விழுந்தேன். மகள் முகத்தில் எல்லா இடத்தையும் தொட்டுப் பார்த்தேன். அவள் வாயில் வாந்தி வாடை. அந்த வாந்திதான் அவர்களைக் காப்பாற்றியது. மகளுக்குக் குமட்டுகிறது என்று மனைவி வேகத்தைக் குறைத்து, நிறுத்துவதற்காக இடப்பக்கம் வந்துகொண்டிருந்தபோது 'டப்' என்று ஒரு சத்தம். கார் இழுத்தது. அவள் பிரேக்கை அழுத்தாமல் பிடித்துக்கொண்டே ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். இறங்கிய அவசரத்தில் கைப்பேசியைச் சீட்டிலேயே விட்டுவிட்டாள், மகளைத் தனியே விட்டு அதை எடுக்கத் திரும்பிப் போக மனம் வரவில்லை. அதற்கு இரண்டு நிமிடம் முன்னால் தான் வலது தடத்தில் நூற்றுப்பத்தில் போய்க்கொண்டிருந்ததாக அவளே சொன்னாள். நிறுத்தி நிதானமாக, பாடம் நடத்தும் குரலில் சொன்னாள். கை மட்டும் மகளின் சட்டையை விடவில்லை.

நான் அவளிடம் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தேன். மலிவு டயர், உற்பத்திக் கோளாறு, இந்தக் காலத்தில் எதையும் நம்ப முடிவதில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து காருக்கு நடந்தாள். நானும் போனேன். அவள் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, உள்பக்கமாகக் கையை விட்டுக் காட்டினாள்.

"இந்தக் கிழிசல் இன்னைக்கு ஆனது இல்ல. அழுக்கு ஏறியிருக்கு. இங்க பாருங்க, சக்கரத்துக்கு மேல உள்ளுக்குள்ள எல்லாம் காஞ்ச புல்லும் மண்ணும். நேத்து ஓ.டி.ல புல்லு ஏது?"

நான் வெளிப்பக்கத்தைத்தான் கழுவியிருந்தேன்.

"நேத்து சர்க்கிட்டுக்கு போனீங்க," என்றாள். அது கேள்வி இல்லை. அடுத்ததுதான் கேள்வி. "இது கிழிஞ்சிருக்குன்னு தெரியுமா?"

லாரி ஒன்று எங்களை உரசுவதுபோலக் கடந்து போனது, கார் மொத்தமும் குலுங்கியது. தெரியாது என்று சொல்ல அப்போதும் இடம் இருந்தது. என்னைத் தவிரத் தெரிந்தவர் பாய் ஒருவர்தான், அவர் சொல்லப் போவதில்லை. அதையும் அந்தக் கணத்தில் யோசித்தேன். யோசித்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

"தெரியும்," என்றேன். "உனக்குத் தெரியக்கூடாதுன்னு நான்தான் புரட்டிப் போடச் சொன்னேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்துப்போயிருப்பேன். காரைத் திறந்து மகளின் பையை எடுத்தாள், தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள், அக்காவுக்கு வாங்கியிருந்த ஆரஞ்சுப் பழங்களை எடுத்தாள். மறுபடி தடுப்பைத் தாண்டிப் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அக்கா கணவரின் வேன் யோங் பெங்கில் நெடுஞ்சாலை ஏறி, சிம்பாங் ரெங்கம் வரை வந்து சுற்றித் திரும்பி எங்களிடம் வந்துசேர அரை மணிக்கு மேல் ஆனது. வேனில் ஏறும்போது மகள் கை காட்டினாள். மனைவி காட்டவில்லை. இழுவை லாரி வரும்வரை நான் அந்தக் காரோடு தனியாக நின்றேன்.

செவ்வாய்க்கிழமை பாய் நான்கு டயரையும் மாற்றினார். நடந்ததைச் சொன்னேன். அவர் கையில் இருந்த இரும்பைக் கீழே வைத்தார். "நானும்தான் புரட்டிக் கொடுத்தேன்," என்றார். அன்றைக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

மனைவியிடமிருந்து நான்கு நாள் ஒரு செய்தியும் இல்லை. இனி வரவே மாட்டாளோ என்ற பயம், நெடுஞ்சாலையில் பட்டதைப்போல இல்லை. இது மெதுவாகத் தின்றது. சோறு வடித்தால் மூன்று பேருக்கு வடித்துவிடுவேன். ஐந்தாம் நாள் செய்தி வந்தது: பாலோவிலிருந்து ரயிலில் வருகிறோம், நாலரை மணி.

ஜொகூர் பாரு ரயில் நிலையத்துக்கு மூன்று மணிக்கே போய் நின்றேன். வந்தார்கள். மனைவி என்னிடம் பையைக் கொடுத்தாள். அதுவே எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. காரை நிறுத்தியிருந்த இடத்துக்கு மூவரும் நடந்தோம். நான் பின்கதவைத் திறந்துவிட்டேன். மகள் ஏறவில்லை. என்னைப் பார்க்காமல் அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா ஓட்டற கார்ல ஏறலாமா?"

அவள் குறும்பாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"அப்பாவையே கேளு," என்றாள் மனைவி.

மகள் என் பக்கம் திரும்பி, பதிலுக்காக நின்றாள். ஏறலாம் என்று சொல்ல எனக்கு வெகுநேரம் ஆனது.